பெயிண்ட் அடிக்கிற செலவு யாருடையது?

ஆசிரியருக்கு வணக்கம்.

நாங்கள் வாடகைக்கு இருப்பது திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். உப்புக் காற்றில் உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதி, படுக்கையறை சீலிங்கில் கான்கிரீட் சில்லுச் சில்லாகப் பெயர்ந்து விழுகிறது, கட்டிலைச் சுவரோரம் தள்ளிப் போட்டுத்தான் படுக்கிறோம். ஓனரிடம் சொன்னால் "பழைய பில்டிங் அப்படித்தான் இருக்கும், முடியலைன்னா வேற வீடு பாத்துக்கோங்க" என்கிறார். வருஷா வருஷம் வாடகையை ஏற்றும்போது மட்டும் அந்த பில்டிங் பழசாவதே இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. எந்த ரிப்பேர் யார் தலையில் என்று அதன் இரண்டாவது அட்டவணை பிரித்தே வைத்திருக்கிறது. குழாய் வாஷர், ஸ்விட்ச், கீசர், கதவுப் பூட்டு, சாக்கடை அடைப்பு எல்லாம் குடியிருப்பவர் பாடு. (வாஷர் போனதற்கெல்லாம் ஓனருக்கு போன் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.) கட்டடத்தின் கட்டுமானப் பழுது, தண்ணீர் பைப் மாற்றுவது, வயரிங், இவை ஓனர் பொறுப்பு. சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்கு பெயிண்ட் அடிப்பதும்கூட ஓனர் பக்கத்தில்தான் இருக்கின்றன! அப்புறம் ஏன் காலி செய்கிற அன்று "பெயிண்டிங்குக்கு ஒரு மாச வாடகை" என்று அட்வான்ஸில் பிடித்துக்கொள்கிறார்கள்? நாமும் ஏன் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுகிறோம்?

செய்ய வேண்டிய ரிப்பேரை ஓனர் செய்ய மறுத்தால் குடியிருப்பவரே செய்துவிட்டு அந்தச் செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆனால் வாயால் சொன்னதற்கெல்லாம் சாட்சி கிடையாது, கடிதமோ வாட்ஸ்அப்போ எழுத்தில் இருக்கட்டும், போட்டோவும் கொத்தனார் கொடுத்த பில்லும் கையில் இருக்கட்டும். கோபத்தில் வாடகையையே நிறுத்திவிடாதீர்கள். இரண்டு மாதம் பாக்கி விழுந்தால் அதையே காரணமாகக் காட்டி வீட்டைக் காலி செய்யச் சொல்லலாம், ஓனருக்கு அதைவிட வசதி வேறென்ன வேண்டும். ரிப்பேர் கேட்டதற்காகத் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தினால் அது சட்டப்படி தவறு, இதே சட்டத்தின்படி அரசு நியமித்திருக்கும் வாடகை அதிகாரியிடம் போகலாம்.

இங்கேதான் சிக்கல். வாடகை அதிகாரியிடம் போனால் முதல் கேள்வியே ஒப்பந்தத்தைப் பதிவு செய்தீர்களா என்பதுதான். ஊரில் பாதிப் பேரிடம் இருப்பது புரோக்கர் எழுதிக்கொடுத்த, பதிவு செய்யாத பதினொரு மாத அக்ரிமெண்ட், அவ்வளவுதான். பதிவு செய்யலாமா என்று கேட்டால் வரிக்குப் பயந்தோ என்னவோ ஓனர் முகம் மாறுகிறது, வீடு கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருக்கிற ஊரில் அதற்குமேல் யார் வற்புறுத்துவார்கள்?

ஆகவே அரசுக்கு ஒரு கோரிக்கை. பதிவு செய்யாத ஓனருக்கும் ஏதாவது வலிக்கிற மாதிரி செய்யுங்கள், இப்போது நஷ்டமெல்லாம் குடியிருப்பவருக்குத்தான். உங்கள் பத்திரிகைக்கும் ஒன்று: அந்த இரண்டாவது அட்டவணையை அப்படியே ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டம் கட்டிப் போடுங்கள். எங்கள் ஓனர் உங்கள் பேப்பர்தான் வாங்குகிறார்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சென்னை-41