சாப்பாட்டு மேசைக்கும் நேர்முகத் தேர்வா?

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் நிதியுதவி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிரின்ஸ்டன் 2001-லேயே மாணவர் கடனை எடுத்துவிட்டு மானியமாகவே கொடுக்க ஆரம்பித்தது பெரிய விஷயம்தான். ஆனால் உள்ளே நுழைந்துவிட்டால் அங்கே எல்லாரும் சமம் என்று கட்டுரையாளர் முடித்திருப்பதை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அங்கே உள்ளே போன பிறகும் ஒரு தேர்வு காத்திருக்கிறது. வளாகத்தை ஒட்டிய பிராஸ்பெக்ட் அவென்யூவிலும் அதன் பக்கத்திலும் பங்களா பங்களாவாக 11 ‘ஈட்டிங் கிளப்’கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் பழையது 1879-ல் தொடங்கிய ஐவி கிளப். பெயர் சாப்பாட்டு கிளப் என்றாலும், மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்களில் பெரும்பாலோருக்கு நட்பும் வார இறுதிக் கொண்டாட்டமும் பிற்காலத்தில் வேலைக்குச் சொல்லிவிட ஆளும் அங்கேதான் கிடைக்கிறார்கள். சில கிளப்களில் பெயர் கொடுத்தால் போதும். மற்றவற்றில் ‘பிக்கர்’ என்று ஒரு சடங்கு. இரண்டாம் ஆண்டு மாணவர்கள் போய் நிற்க வேண்டும். மூத்தவர்கள் பேச்சுக் கொடுத்துப் பார்ப்பார்கள், சில இடங்களில் விளையாட வைத்துப் பார்ப்பார்கள். ஐவியில் ஒருவரே பத்து உறுப்பினர்களிடம் தனித்தனியாகப் பேசியாக வேண்டும். அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொரு பெயராக எடுத்து அலசுவார்கள். மதிப்பெண் கிடையாது. ஏன் வேண்டாம் என்றார்கள் என்பதும் தெரியாது.

சரி, தனியார் கிளப், யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பது அவரவர் விருப்பம், நமக்கென்ன என்று கேட்கலாம். கிளப்களும் நீதிமன்றத்தில் இதையேதான் சொல்லின. பிரின்ஸ்டன் 1969-ல் பெண்களைச் சேர்க்கத் தொடங்கியது. பத்தாண்டு கழித்தும் மூன்று கிளப்கள் ஆண்களை மட்டுமே எடுத்துக்கொண்டிருந்தன. சாலி ஃபிராங்க் என்ற மாணவி 1979-ல் புகார் கொடுத்தார். காட்டேஜ் கிளப் 1986-ல் இறங்கி வந்தது. ஐவி, ‘டைகர் இன்’ ஆகிய மற்ற இரண்டும் விடாமல் வழக்காடின. 1990-ல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பு நின்றது சாப்பாட்டுக் கணக்கின் மேல்தான். மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்களுக்குச் சோறு போட பல்கலைக்கழகம் கிளப்களை நம்பியிருக்கிறது. மாணவர்கள் வராவிட்டால் கிளப்களும் இல்லை. இப்படி ஒன்றையொன்று சார்ந்து நடப்பவை, எங்களுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல முடியாது என்பது அதன் சாரம்.

இந்த ஒதுக்கல் பெண்கள் விஷயத்தோடு முடிந்துவிட்டதா? பாரபட்சத் தடைச் சட்டத்தில் பாலினம் உண்டு, இனம் உண்டு, மதம் உண்டு. இவன் நம்ம மேசைக்குச் சரிப்பட மாட்டான் என்பது அதில் இல்லை. ஒதுக்க நினைப்பவர்களுக்கு அந்த ஓட்டையே தாராளம். 1958 பிக்கரில் 23 மாணவர்கள் எந்த கிளப்பிலும் இடமில்லாமல் நின்றார்கள். அவர்களில் பாதிக்கு மேல் யூதர்கள். ஒவ்வொருவராக எடுத்துக் கேட்டிருந்தால் ‘பழக்கம் சரியில்லை’, ‘பேச்சுப் பிடிக்கவில்லை’ என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். மொத்தமாக எண்ணிப் பார்த்தால்தான் விஷயம் தெரிகிறது.

இதை மாற்றப் பார்த்தவரும் சாதாரண ஆள் இல்லை. பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான உட்ரோ வில்சன், 1907-ல் பிரின்ஸ்டனின் தலைவராக இருந்தபோது, கிளப்களுக்குப் பதிலாக எல்லா ஆண்டு மாணவர்களும் இளம் ஆசிரியர்களும் சேர்ந்து தங்கி ஒரே பந்தியில் சாப்பிடும் விடுதிகளைக் கட்டலாம் என்றார். அறங்காவலர்கள் ஜூனில் தலையாட்டினார்கள். பழைய மாணவர்கள் கொதித்ததும் அக்டோபரில் கைவிரித்துவிட்டார்கள். (இதே வில்சன்தான் கறுப்பின மாணவர்களைப் பிரின்ஸ்டன் பக்கமே வரவிடாமல் பார்த்துக்கொண்டவர். 2020-ல் அங்குள்ள பொதுக்கொள்கைப் பள்ளியிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார்கள்.)

ஹார்வர்ட் வேறு வழியில் போனது. ஆண்கள் மட்டும், பெண்கள் மட்டும் என்று நடக்கும் சங்கங்களில் சேர்பவர்களுக்கு மாணவர் அமைப்புகளில் தலைமைப் பதவியோ ஆக்ஸ்ஃபோர்டில் படிக்க உதவும் ரோட்ஸ் உதவித்தொகைக்குப் பரிந்துரையோ கிடையாது என்று 2016-ல் அறிவித்தது. வழக்குகள் வந்தன, 2020-ல் விதியைக் கைவிட்டது. சேர்பவனைத் தண்டிப்பதால் பயனில்லை என்றே நினைக்கிறேன். சேராதவனுக்கு நல்ல சாப்பாடும் நாலு பேர் கூடும் இடமும் இருந்தால் கிளப்பின் கெடுபிடி தானாகக் குறையும். பிரின்ஸ்டன் 2007-ல் நான்கு ஆண்டும் தங்கிச் சாப்பிடும் விடுதிக் கல்லூரிகளைத் தொடங்கியது அந்த வகையில் நல்ல காரியம். கிளப் கட்டணத்தைச் சமாளிக்க மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்களின் நிதியுதவியையும் கூட்டினார்கள். இதில்தான் எனக்கு இடிக்கிறது. கிளப்பில் சாப்பிடப் பல்கலைக்கழகமே பணம் தருகிறது. யாரை உள்ளே விடுவது என்று கேட்டால் மட்டும் அது கிளப்பின் சொந்த விஷயமாகிவிடுகிறது!

உங்கள் பத்திரிகையில் வெளிநாட்டுப் படிப்பு பற்றி எழுதும்போது மதிப்பெண், கட்டணம், விசா எல்லாம் விவரமாக வருகிறது. பிரின்ஸ்டன் போன்ற இடங்களைப் பற்றி எழுதினால் பிக்கரைப் பற்றியும் ஒரு பத்தி போடுங்கள். எங்கள் ஊரிலிருந்து மானியத்தில் போகும் பையனோ பெண்ணோ, இரண்டாம் ஆண்டில் அதைத் திடீரென்று எதிர்கொள்ளாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்,
கும்பகோணம்.