‘குடுவை’ ஆகிப்போன பேஸ்பால் வீரர்: தமிழ் சப்டைட்டில் பிழைகள் குறித்த புகார்

அனுப்புநர்:
ஆண்டுச் சந்தாதாரர் ஒருவர் (ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்),
மதுரை.

பெறுநர்:
குறைதீர் அலுவலர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: ‘ஈஸ்ட்பவுண்ட் அண்ட் டவுன்’ தொடரின் தமிழ் சப்டைட்டிலில் உள்ள பிழைகளைத் திருத்தவும் சந்தாத் தொகையைத் திருப்பித் தரவும் கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் செயலியில் வெளிநாட்டுத் தொடர்கள் தமிழ் சப்டைட்டிலுடன் கிடைக்கும் என்ற விளம்பரத்தை நம்பி, 1,499 ரூபாய் செலுத்தி ஆண்டுச் சந்தாதாரராகச் சேர்ந்தேன். அதில் நான் முதலில் பார்த்த தொடர், எச்.பி.ஓ. என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனத்துக்காக நடிகர் டேனி மெக்பிரைடும் அவருடைய நண்பர்களும் உருவாக்கி, 2009 முதல் 2013 வரை 4 பருவங்களாக வெளிவந்த மேற்கண்ட நகைச்சுவைத் தொடராகும். அமெரிக்காவின் தென்மாநிலத்தவர் பேசும் ஆங்கிலம் என் காதுக்கு எட்டாதது. ஆகவே சப்டைட்டில் எனக்கு வசதிக்காக அன்று, அவசியத்துக்காகவே தேவைப்பட்டது.

அரசுப் பள்ளியில் 31 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் என்பதால், இத்தொடரின் கதையைக் கேள்விப்பட்டவுடனேயே எனக்கு அதில் ஆர்வம் பிறந்தது. கென்னி பவர்ஸ் என்பவன் பேஸ்பாலில் மணிக்கு 100 மைலுக்கு மேல் பந்தெறிந்து பேரும் பணமும் பெற்றவன். கையின் வேகம் போய், வாயால் எல்லோரையும் பகைத்துக்கொண்டு, வேறு போக்கிடம் இல்லாமல் வட கரோலினாவில் உள்ள ஷெல்பி என்னும் சொந்த ஊருக்குத் திரும்புகிறான். அண்ணன் வீட்டில் ஒண்டிக்கொண்டு, தான் படித்த பள்ளியிலேயே தற்காலிக உடற்கல்வி ஆசிரியராகச் சேருகிறான். விசில் ஊதத் தெரிந்தால் போதும், பி.இ.டி. வேலை பார்த்துவிடலாம் என்று நினைத்து வந்த பழைய வீரர்களை நானும் பார்த்திருக்கிறேன். அது இருக்கட்டும்.

தங்கள் சப்டைட்டிலில் இந்தக் கென்னி பவர்ஸ் ஒரு ‘குடுவை’. பேஸ்பாலில் பந்தெறிபவரைக் குறிக்கும் பிட்சர் என்ற சொல் வரும் இடங்களில் எல்லாம் தங்கள் மொழிபெயர்ப்பாளர் தண்ணீர் ஊற்றும் பாத்திரத்தையே எழுதியிருக்கிறார். ‘உலகின் தலைசிறந்த குடுவை’ என்ற வரி திரையில் தோன்றியபோது, உடன் அமர்ந்திருந்த என் மைத்துனர் தொலைக்காட்சிப் பெட்டியில் ஏதோ கோளாறு என்றே எண்ணினார். பேட் என்பது ‘வௌவால்’ ஆகிவிட்டது. மட்டை பிடிப்பவர் அடிக்கத் தவறிய பந்தைக் குறிக்கும் ஸ்ட்ரைக் (மூன்று ஆனால் அவர் அவுட்) என்பது ‘வேலைநிறுத்தம்’ ஆகிவிட்டதால், அவன் மூன்றாவது வேலைநிறுத்தத்தில் பட்டம் வென்றதாக வருகிறது. முதல் அத்தியாயத்தைப் பாதியில் வந்து பார்ப்பவர், இது ஏதோ ஆலைத் தொழிற்சங்கத் தலைவரின் கதை என்று நினைத்தால் அவர்மீது பிழையில்லை.

இவை சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. ஆனால் குளோசர் என்ற சொல்லை ‘மூடுபவர்’ என்று எழுதியதை அப்படி விட முடியாது. முன்னிலையில் இருக்கும் அணி, கடைசி இன்னிங்ஸில் (பேஸ்பாலில் அது ஒரு சிறு சுற்றுதான்) அந்த முன்னிலையைக் காப்பதற்காகக் களமிறக்கும் பிட்சரையே அவ்வாறு அழைப்பார்கள். பெரும்பாலும் அந்த ஒரு இன்னிங்ஸ்தான் அவருக்கு வேலை. நீண்ட நேரம் எறிவதற்கோ மட்டை பிடிப்பதற்கோ அவரை யாரும் வைத்திருப்பதில்லை. கையில் இருக்கும் வேகம்தான் அவருடைய மூலதனம் முழுவதும். அந்த வேகம் குறைந்த அன்றே, வேறு இடத்தில் ஆடிப் பிழைத்துக்கொள்ளவும் வழியில்லாமல் மொத்தமாக விழுந்துவிடுகிறார். கென்னி ஏன் இவ்வளவு விரைவில் அண்ணன் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான் என்ற கேள்விக்கான விடை இந்த ஒரு சொல்லில் இருக்கிறது. தமிழ் அறியாத சொல்லானால் அப்படியே குளோசர் என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். எங்கள் பிள்ளைகள் ‘நோ பால்’, ‘வைடு’ எல்லாம் சொல்லித்தானே ஆடுகிறார்கள்?

பிழைகள் ஆட்டத்தோடு நிற்கவில்லை. அண்ணன் டஸ்டினைக் கென்னி ‘சகோதரரே’ என்கிறான். அண்ணன் மனைவி கேஸியை ‘மைத்துனி’ என்கிறான். அண்ணி என்ற சொல் தங்கள் மொழிபெயர்ப்பாளருக்குத் தெரியாமல் போனது எப்படி என்று விளங்கவில்லை. கல்யாணமே ஆகாதவனுக்கு மைத்துனி எங்கிருந்து வந்தாள்? ஸ்டீவி என்பவர் அதே பள்ளியின் இசை ஆசிரியர். கென்னியைத் தெய்வமாகக் கொண்டாடி, அவனுக்கு எடுபிடியாகத் திரிபவர். அவரைக் கென்னி நடத்தும் முறைக்கு ‘வாடா, போடா’ கூட மரியாதைதான். தங்கள் வரிகளிலோ, ‘தாங்கள் சற்று வாருங்கள்’ என்று அழைக்கிறான். கெட்ட வார்த்தைகளை அச்சிடுமாறு நான் கேட்கவில்லை. அவற்றை நீக்கியதில் எனக்கு மனத்தாங்கலும் இல்லை. முகம் சிவக்கக் கத்துபவனின் வாயில் ‘மன்னிக்கவும் அன்பரே’ என்ற சொற்களை வைத்ததைத்தான் ஆட்சேபிக்கிறேன். யாரிடமும் பணியத் தெரியாதவன், பணிய வேண்டிய நிலைக்கு வந்துவிட்டான் என்பதே இந்தத் தொடரின் சிரிப்பு. தொடக்கத்திலேயே அவனைப் பணிவுள்ளவனாக ஆக்கிவிட்ட பிறகு எதைப் பார்த்துச் சிரிப்பது?

மேலும், கென்னி தன் வாழ்க்கையைத் தானே புகழ்ந்து, தன் குரலிலேயே ஒலிநூலாகப் பதிவு செய்து வைத்திருக்கிறான். திரையில் அவனுடைய இன்றைய நிலையும், காதில் அந்த வீரப் பிரதாபமும் ஒருசேர வருவதற்காகவே அக்காட்சிகள் அமைக்கப்பட்டுள்ளன. அந்த இடங்களில் சப்டைட்டிலே இல்லை. எனக்கு மிஞ்சியது ஒரு தடித்த மனிதனின் மௌனமான முகம் மட்டுமே.

முதல் பருவத்தின் 6ஆவது அத்தியாயத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புளோரிடா மாநிலத்தின் டம்பா நகர அணியில் மீண்டும் ஆடும் வாய்ப்பு கென்னிக்கு வருகிறது. ஊருக்கெல்லாம் சொல்லிவிட்ட பிறகு, அது கைநழுவிப் போகிறது. அதை வெளியில் சொல்ல மனமில்லாமல், தன்னை நம்பி உடன் புறப்பட்ட ஏப்ரல் என்ற பெண்ணை வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் விட்டுவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். நகைச்சுவைத் தொடர் ஒன்றில் இவ்வளவு கசப்பான முடிவை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் ஆஃபர் என்பதைச் ‘சலுகை’ என்றும், பெட்ரோல் பங்கைக் குறிக்கும் கேஸ் ஸ்டேஷனை ‘எரிவாயு நிலையம்’ என்றும் எழுதியதால், அன்றிரவு எனக்குக் கிடைத்தது வேறு கதை: டம்பாவிலிருந்து ‘சலுகை’ வந்தது; பிறகு ‘சலுகை’ நிறுத்தப்பட்டது; அதன்பின் இருவரும் ‘எரிவாயு நிலையத்தில்’ நின்றார்கள். “சிலிண்டர் மாத்தவா போறான், அத்தான்?” என்று மைத்துனர் கேட்டார். ஆடித் தள்ளுபடி முடிந்துபோன வருத்தத்தில் ஒருவன் காதலியை விட்டுவிட்டு ஓடுகிறான் என்று நானும் சற்று நேரம் நம்பினேன். மறுநாள் வெளியூரில் இருக்கும் என் மகள் தொலைபேசியில் விளக்கிய பிறகே உண்மை தெரிந்தது.

இவற்றை அத்தியாயம், நிமிடம் குறித்துத் தங்கள் செயலியின் உதவிப் பகுதியில் மூன்று முறை பதிவு செய்தேன். ‘இணைய இணைப்பைச் சரிபார்க்கவும்’ என்பது முதல் பதில். ‘செயலியை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவவும்’ என்பது இரண்டாவது. அதையும் செய்தேன், குடுவை குடுவையாகவே இருந்தது. மூன்றாவது பதிலில், என் குறை தீர்க்கப்பட்டுவிட்டதாகத் தெரிவித்து, சேவைக்கு 5 நட்சத்திரம் வழங்குமாறு கேட்டிருந்தீர்கள்.

ஆகவே, விளையாட்டும் வீட்டுப் பேச்சும் அறிந்த ஒருவரைக் கொண்டு 29 அத்தியாயங்களுக்கும் சப்டைட்டிலைப் புதிதாக எழுதச் செய்யுமாறும், அதுவரை இத்தொடரின் பக்கத்திலிருந்து ‘தமிழில் கிடைக்கும்’ என்ற குறிப்பை நீக்குமாறும், என் சந்தாவில் மீதமுள்ள மாதங்களுக்கான தொகையைத் திருப்பித் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் அதற்கு ஒப்புகை அளித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டியது குறைதீர் அலுவலரின் பொறுப்பாகும். அதற்குள் பதில் வராவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்வதுடன், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் அணுகுவேன். பிழையுள்ள வரிகள் தெரியும் திரையின் புகைப்படங்கள் 14 இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. வௌவால் வரும் படம் 3ஆவது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சந்தாதாரர்.