ஹீட்டரை அடைக்கும் முன் அளந்து பாருங்கள்: ஏர்-கூல்டு 911 பட்டறைகளுக்கு ஒரு திறந்த மடல்

ஏர்-கூல்டு போர்ஷே 911 வண்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறைகளுக்கும், விற்பனைக்கு முன் அந்த வண்டிகளைச் சோதித்து அறிக்கை தருபவர்களுக்கும்,

வணக்கம்.

ஹீட்டர் சரியில்லை என்று ஒரு 911 வந்து நின்றால், பல பட்டறைகளில் இன்னும் பழைய பாட்டையே பாடுகிறார்கள். "இந்த வண்டிக்கு ஹீட்டர் அப்படித்தான் இருக்கும்" என்று திருப்பி அனுப்புகிறார்கள். இல்லையென்றால் எதையும் அளக்காமல் இரண்டு ஹீட் எக்ஸ்சேஞ்சரையும் மாற்ற எஸ்டிமேட் போடுகிறார்கள். அதுவும் இல்லையென்றால் புளோயரையும் (காற்று ஊதும் மின்விசிறி) ஹோஸ்களையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, திறந்த வாய்களை அடைத்தோ அடைக்காமலோ வண்டியைக் கொடுத்துவிடுகிறார்கள். மூன்றுமே தவறு. கடைசியாகச் சொன்னது எஞ்சினுக்கே கேடு.

இந்த ஹீட்டரில் தண்ணீர் கிடையாது, ஹீட்டர் கோரும் கிடையாது. எஞ்சின் ஃபேன் தள்ளும் காற்றில் ஒரு பங்கு பிரிந்து, எக்ஸாஸ்ட் குழாய்களைப் போர்த்தியிருக்கும் தகட்டு உறைக்குள் நுழைந்து சூடாகிறது. அதுதான் ஹீட் எக்ஸ்சேஞ்சர், பக்கத்துக்கு ஒன்று. அங்கிருந்து ஃபிளாப் வால்வுப் பெட்டிக்கு வருகிறது. ஹீட்டர் போட்டிருந்தால் பாடியின் சில் (கதவுக்கு அடியில் ஓடும் வெற்றுப் பகுதி) வழியாகக் கேபினுக்கும் முன் கண்ணாடிக்கும் போகும். அணைத்திருந்தால் அதே காற்று வண்டிக்கு அடியில் வெளியேறிவிடும். காற்று ஓடுவது நிற்பதே இல்லை. லீவர் அதன் வழியை மட்டும்தான் மாற்றுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு காற்றின் பின்னாலேயே போனால் பெரும்பாலான கோளாறுகள் ஒரே மதியத்தில் பிடிபட்டுவிடும்.

வண்டிக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது, சூடு வராதது ஒரு பக்கமா இரண்டு பக்கமுமா என்பது. 3.2 கரேரா மாடல் வரையிலான 911 வண்டிகளில் ஒரு பக்கம் மட்டும்தான் குளிர்கிறது என்றால் புளோயர், ஃபியூஸ், கன்ட்ரோல் யூனிட் எதையும் தொடாதீர்கள். அவை இரண்டு பக்கத்துக்கும் பொது. கோளாறு அந்தப் பக்கத்துக் கேபிளிலோ, வால்வுப் பெட்டியிலோ, ஹோஸிலோதான் இருக்கும்.

வண்டியை லிஃப்டில் ஏற்றுங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போதே ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஹீட்டர் லீவரை முழுவதும் இழுத்து விடட்டும். மற்றவர் கீழே நின்று இரண்டு வால்வுப் பெட்டிகளின் ஆர்மையும் (கேபிள் இழுத்துத் திருப்பும் கை) பார்க்கட்டும். இரண்டும் சேர்ந்து, கடைசி வரை நகர வேண்டும். ஒன்று அசையவே இல்லை என்றால் கேபிளைக் கழற்றிவிட்டு ஆர்மைக் கையால் திருப்பிப் பாருங்கள். லேசாகத் திரும்பி ஸ்பிரிங்கால் தானே பழைய இடத்துக்கு வந்தால் வால்வு நன்றாக இருக்கிறது. கேபிள் அறுந்திருக்கும், அல்லது கிளாம்ப் நழுவியிருக்கும். திரும்பவே இல்லை என்றால் ஷாஃப்ட் துருவில் இறுகியிருக்கிறது. துரு நீக்கும் எண்ணெய் தெளித்து விடுவித்தால், பிறகு அதை நன்றாகத் துடைத்துவிட்டு கிராஃபைட் போன்ற உலர்ந்த மசகு போடுங்கள். சாதாரண எண்ணெயை விட்டுவைத்தால் சூட்டில் கருகி, அந்த நாற்றம் நேராகக் கேபினுக்குள் வரும்.

அதிகம் ஏமாற்றுவது பாதி திறக்கும் ஃபிளாப். ஆர்ம் அசைவது கண்ணுக்குத் தெரிவதால் வால்வு சரி என்று விட்டுவிடுகிறோம். எஞ்சினை ஓடவிட்டு, ஹீட்டரை முழுவதும் போட்டு, வால்வுப் பெட்டியின் வெளியேற்று வாய்க்கு நேரே ஒரு காகிதக் கீற்றை நீளமான கம்பியில் கட்டிப் பிடியுங்கள். பக்கத்திலேயே எக்ஸாஸ்ட் கொதிக்கும் என்பதால் கையை நீட்ட வேண்டாம். கீற்று அடங்கித் தொங்கினால் ஃபிளாப் முழுவதும் மாறியிருக்கிறது. படபடத்தால் கேபினுக்குப் போக வேண்டிய சூடு தரையில் கொட்டுகிறது. ஹீட்டரை அணைத்ததும் அதே கீற்று வேகமாகப் பறக்க வேண்டும். பறக்கவில்லை என்றால் ஃபிளாப் மூடவில்லை. அணைத்தாலும் சூடு வருகிறது என்ற புகாருக்குக் காரணம் இதுதான். பெரும்பாலும் கேபிளை இறுக்கமாகக் கட்டியிருப்பார்கள். லீவர் முழுக்க அணைந்த நிலையில், ஃபிளாப் தன் ஸ்பிரிங்கின் பலத்தில் ஸ்டாப்பில் உட்கார்ந்த பிறகு, கேபிளின் தளர்ச்சியை மட்டும் எடுத்துக் கிளாம்பை முடுக்குங்கள். அதற்கு மேல் ஒரு இழுப்பும் வேண்டாம்.

வால்வு இரண்டும் சரி என்றால் ஹோஸ்களைத் தடவிப் பாருங்கள். எக்ஸ்சேஞ்சருக்கும் வால்வுப் பெட்டிக்கும் நடுவில் உள்ளது, வால்வுப் பெட்டியிலிருந்து பாடிக் குழாய்க்குப் போவது இரண்டையும் பார்க்க வேண்டும். கீழிருந்து பார்த்தால் முழுசாகத் தெரியும். மேல் பக்கம் கிழிந்து தொங்கும். சில்லுக்குள் துருவில் ஓட்டை விழுந்திருந்தாலும் சூடு வழியிலேயே போய்விடும். வால்வுப் பெட்டிப் பக்கத்திலிருந்து புகை செலுத்திப் பார்த்தால் எந்த இடுக்கில் கசிகிறது என்று தெரியும். முன்பக்கத்து வெளிக்காற்றுப் பெட்டியின் ஃபிளாப் மூடாமல் இருந்தால் குளிர்ந்த காற்று உள்ளே கலந்துவிடும். அப்போது பின்னால் எல்லாம் சரியாக இருந்தும் ஹீட்டர் மந்தம் என்றே தோன்றும்.

ஓடும்போது சூடு வருகிறது, நின்றால் குளிர்கிறது என்பது வேறு கதை. எஞ்சின் அறையில் மின் புளோயர் இல்லாத பழைய வண்டிகளில் ஐடிலில் சூடு குறைவது இயல்பு. ஃபேன் எஞ்சினோடு சுற்றுகிறது, எஞ்சின் மெதுவானால் காற்றும் குறையும். புளோயர் வைத்து வந்த வண்டியில் அப்படி இருந்தால் அது பழுது. புளோயர் பெரிய மோட்டார், நிறைய கரண்ட் இழுக்கும். எஞ்சின் அறை இடப்பக்கத்து ஃபியூஸ் பேனலில் ஃபியூஸை வெறுமனே பார்த்துவிட்டுப் போகாதீர்கள். 3.2 வரை வந்த பீங்கான் ஃபியூஸ்களில் கம்பி முழுசாக இருக்கும், இரு முனையிலும் பச்சை பூத்திருக்கும். முனைகளைச் சுத்தம் செய்து, புளோயர் ஓடும்போது பேட்டரி பாசிட்டிவ் முனைக்கும் மோட்டாரின் பாசிட்டிவ் முனைக்கும் நடுவில் மல்டிமீட்டர் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ ஒரு இணைப்பு கெட்டிருக்கிறது. எர்த் பக்கமும் இதே சோதனை. மோட்டார் ஓடவே இல்லை என்றால் ரிலேவுக்கு உத்தரவு வருகிறதா என்று பார்த்துவிட்டு, மோட்டாருக்கு நேரடியாக ஃபியூஸ் வைத்த 12 வோல்ட் கொடுங்கள். அப்போதும் ஓடாவிட்டால்தான் மோட்டாரைக் குற்றம் சொல்லலாம்.

தானியங்கி ஹீட்டர் உள்ள எஸ்சி, 3.2 மாடல்களில் கன்ட்ரோல் யூனிட்டைக் கடைசியாகச் சந்தேகியுங்கள். சீட்டுகளுக்கு நடுவில் இருக்கும் சர்வோ மோட்டார்தான் கேபிள்களை இழுக்கிறது. குமிழை பூஜ்யத்திலிருந்து உச்சத்துக்குத் திருப்பிக் காது கொடுங்கள். மோட்டார் சுற்றும் சத்தம் கேட்டும் கீழே ஆர்ம் அசையாவிட்டால் சர்வோவின் பல்சக்கரமோ கேபிளின் பிடிப்போ போயிருக்கும். சத்தமே இல்லை என்றால் சர்வோவுக்கு வோல்ட்டேஜ் வருகிறதா என்று அளந்த பிறகு யூனிட்டைத் திறங்கள். விரிசல் விட்ட சால்டர் இணைப்பைச் சூடுகாட்டிச் சேர்த்தாலே பல யூனிட்கள் உயிர் பெற்றுவிடும். அவற்றுக்குப் பின் வந்த 964, 993 மாடல்களில் கலப்பு ஃபிளாப்களை நகர்த்தும் சர்வோக்களும் முன் புளோயர்களின் மின்தடைகளும் கூடுதலாகச் சேர்கின்றன. கேபின் வெப்பத்தை அளக்கும் சென்சாருக்குக் காற்றிழுக்கும் சின்ன ஃபேன் ஒன்றும் அவற்றில் உண்டு. அது தூசியில் அடைத்து நின்றாலே சென்சார் தவறாக அளந்து, சூடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

இனிச் சொல்லப்போவது உயிர் சம்பந்தப்பட்டது. ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வெளி உறை துருப்பிடித்தால் சூடு குறையும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் எக்ஸாஸ்ட் குழாயில் ஓட்டை விழுந்தால் கார்பன் மோனாக்சைடு நேராகக் கேபினுக்கு வரும். வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. உறை பளபளவென்று இருந்தும் உள்ளே அரித்திருக்கலாம். இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதனால் "நாற்றம் இல்லை, பயமில்லை" என்று யாரும் சொல்லக் கூடாது.

வண்டியைத் திறந்த வெளிக்குக் கொண்டுபோங்கள். அளவைத் திரையில் எண்ணாகக் காட்டும் கார்பன் மோனாக்சைடு மீட்டரால் முதலில் வெளிக்காற்றை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஜன்னல்களை மூடி, ஹீட்டரை முழுவதும் போட்டு, இடம் வலம் இரண்டு பக்கமும் காலடியில் சூடு வரும் வாய்களிலும் ஐடிலில் சில நிமிடம், 3000 ஆர்பிஎம்மில் சில நிமிடம் அளவெடுங்கள். வெளிக்காற்றைவிட அளவு ஏறினால் காரணம் தெரியும்வரை அந்த வண்டி ஹீட்டரோடு ஓடக் கூடாது. வீட்டுச் சுவரில் மாட்டும் அலாரம் இதற்கு உதவாது. அமெரிக்க யூஎல் 2034 தரத்தின்படி 70 பிபிஎம் (பத்து லட்சத்தில் 70 பங்கு) இருந்தாலும் அது ஒரு மணி நேரத்துக்குப் பிறகுதான் ஒலிக்க வேண்டும்.

எக்ஸ்சேஞ்சர்தானா என்று உறுதி செய்ய, எஞ்சின் ஆறியதும் உறையின் இரு முனை ஹோஸ்களையும் கழற்றிவிட்டு, டெயில் பைப் வழியாக ஸ்மோக் மெஷின் புகையைக் குறைந்த அழுத்தத்தில் செலுத்துங்கள். உறையின் வாயில் ஒரு இழை புகை தெரிந்தாலும் அந்த எக்ஸ்சேஞ்சரைக் கழற்றத்தான் வேண்டும். மேலே பூசும் எக்ஸாஸ்ட் பேஸ்ட் உள் குழாயை எட்டாது. எக்ஸ்சேஞ்சர் சுத்தமாக இருந்தும் மீட்டர் ஏறினால் எஞ்சினைச் சுற்றியுள்ள ரப்பர் சீலைப் பாருங்கள். அது கிழிந்திருந்தால் கீழே கேஸ்கெட்டில் கசியும் புகை எஞ்சின் அறைக்கு ஏறி, ஃபேன் வழியாக ஹீட்டருக்குள் போய்விடும். எண்ணெய் நாற்றமும் பல நேரம் இதே வழியில்தான் வருகிறது: மேலே பிரீதர் ஹோஸிலோ ஆயில் பிரஷர் சென்சார் அடியிலோ ஒரு கசிவு, அதை ஃபேன் உறிஞ்சிக்கொள்ளும்.

ஹீட்டரே வேண்டாம் என்று வண்டிக்காரர் சொன்னாலும் ஃபேன் ஷ்ரவுடின் (ஃபேன் காற்றை எஞ்சினுக்குச் செலுத்தும் உறை) ஹீட்டர் வாயைத் திறந்து விடாதீர்கள். சிலிண்டர்களைக் குளிர்விக்க வேண்டிய காற்று அந்த ஓட்டை வழியாக வீணாகும். எக்ஸ்சேஞ்சர் இல்லாத ஹெடர் (வெறும் எக்ஸாஸ்ட் குழாய்கள்) போட்டால் அந்த வாயைத் தகடு வைத்து இறுக்கமாக மூடுங்கள். எக்ஸ்சேஞ்சர் அப்படியே இருந்தால் அதற்குக் காற்று போய்க்கொண்டே இருக்க வேண்டும். புளோயரைக் கழற்றினால் அந்த இடத்தில் நேர் ஹோஸ் போட்டு இரண்டு பக்கமும் இணையுங்கள்.

உங்களிடம் நாங்கள் கேட்பது இவ்வளவுதான். ஹீட்டர் வேலை செய்த ஒவ்வொரு பில்லிலும் ஃபிளாப்கள் முழுவதும் நகர்ந்தனவா, புளோயருக்கு எத்தனை வோல்ட் இழப்பு, வெளிக்காற்றிலும் இரண்டு வாய்களிலும் மீட்டர் காட்டிய எண் என்ன என்று எழுதுங்கள். எதையாவது அடைத்திருந்தால் எங்கே, எதைக் கொண்டு அடைத்தீர்கள் என்று எழுதுங்கள். விற்பனைக்கு முன் சோதிப்பவர்கள் அறிக்கையில் "ஹீட்டர்: உண்டு" என்று ஒரு சொல்லோடு நிறுத்தாமல் அந்த எண்களைக் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் நீங்களே அளந்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஏர்-கூல்டு வண்டிகளோடு வேலை செய்பவர்கள் சிலர்