கேட்டலிஸ்ட் நிறுவன இயக்குநர்களுக்கு ஒரு சிறு பங்குதாரரின் மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர்களுக்கு,

வணக்கம். கேட்டலிஸ்ட் சந்தையில், அதாவது சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையின் சிறு நிறுவனங்களுக்கான பிரிவில், உள்ள சில நிறுவனங்களில் கொஞ்சம் கொஞ்சம் பங்கு வைத்திருப்பவன் நான். ஆண்டுப் பொதுக் கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருப்போமே, அந்த ரகம். பீஹூனும் கறிபஃப்பும் சாப்பிடத்தான் வருகிறோம் என்று உங்களில் சிலர் நினைப்பதுண்டு. கறிபஃப் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதற்காக வரவில்லை.

பங்கு விலையைப் பற்றி யார் கேட்டாலும் மேடையிலிருந்து வரும் பதில் ஒன்றுதான்: விலையைச் சந்தை பார்த்துக்கொள்ளும், நாங்கள் தொழிலைப் பார்க்கிறோம். அது பாதி உண்மை. மீதிப் பாதிக்காகத்தான் இந்த மடல்.

உங்களில் பலர் டிவிடெண்ட் தருவதில்லை. லாபத்தைத் தொழிலிலேயே திருப்பிப் போடுகிறோம் என்கிறீர்கள். சரி, வளரும் நிறுவனத்துக்கு அது நியாயம்தான். ஆனால் அப்போது எங்களுக்கு மிஞ்சுவது விலையேற்றம் மட்டும்தான், அதுவும் விற்றால்தான் கைக்கு வரும். பிள்ளையின் பல்கலைக்கழகக் கட்டணம் உங்கள் பங்கு ஏறியிருக்கும் மாதமாகப் பார்த்தா வருகிறது? எட்டுக் காசிலிருந்து நான்கு காசுக்கு இறங்கிய பங்கு பழைய இடத்துக்கு வர, இரண்டு மடங்காக வேண்டும். வருடத்துக்கு ஐந்தாறு விழுக்காடு என்று நிதானமாக ஏறும் பங்கை எந்த மாதம் விற்றாலும் அவ்வளவு அடி விழாது.

விற்பது எப்படி இருக்கிறது என்று ஒருமுறை பங்கு வாங்கி விற்கும் திரையைத் திறந்து பாருங்கள். 20 காசுக்குக் கீழே உள்ள பங்கு 0.1 காசுப் படிகளில் நகர்கிறது. நான்கு காசுப் பங்குக்கு ஒரு படி என்பதே 2.5 விழுக்காடு. 4.0 காசுக்கு முப்பதாயிரம் பங்கு கேட்டு ஒருவர் நிற்பார், அடுத்தவர் 3.7-இல் நிற்பார். ஒரு லட்சம் பங்கை விற்க வேண்டுமென்றால், மொத்தமே 4,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சரக்குதான், விலையை நானே கீழே தள்ளிவிடுகிறேன். தரகர் கட்டணம் தனி.

திடீரென்று துள்ளும் விலையும் எங்களுக்கு வேண்டாம். 2013 அக்டோபரில் புளூமான்ட், ஏசியாசன்ஸ், லயன்கோல்ட் மூன்றும் சில நாட்களில் சரிந்து சுமார் 800 கோடி வெள்ளி சந்தை மதிப்பு கரைந்தது. அவை மூன்றுமே மெயின்போர்டு, அதாவது பெரிய நிறுவனங்களுக்கான முதன்மைப் பிரிவில் இருந்த நிறுவனங்கள். கேட்டலிஸ்டில் பங்கு வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பயம் இன்னும் கூடுதல்.

விலை உங்களுக்கும் முக்கியம்தான், சொல்வதில்லை என்பதுதான் வித்தியாசம். பணம் தேவைப்பட்டால் புதுப் பங்கு வெளியிடுகிறீர்கள். கேட்டலிஸ்டில், பொதுக் கூட்டத்தில் நாங்கள் முன்கூட்டியே தரும் பொது அனுமதியின் கீழ், இருக்கும் பங்கில் 50 விழுக்காடு வரை வெளியாருக்கே ஒதுக்கலாம், 10 விழுக்காடு தள்ளுபடியும் கொடுக்கலாம். ஒரு விழுக்காடு வைத்திருப்பவர் அதற்குப் பிறகு 0.67 விழுக்காட்டில் நிற்பார். விலை பாதியாகக் கிடக்கும்போது அதே தொகையைத் திரட்ட இரண்டு மடங்கு பங்கு அச்சடிக்க வேண்டும். அந்தச் செலவு எங்கள் தலையில்.

விலையைத் தாங்கிப் பிடிக்கச் சொல்லவில்லை. அது சட்டப்படி குற்றம், லாபமே இல்லாமல் ஏறும் விலை நிற்கவும் நிற்காது. ஆனால் ஆறு மாதம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு ஒருநாள் திடீரென்று லாபம் குறையும் என்று எச்சரிக்கை விடுவதை நிறுத்தலாம். 2020-இல் பெரும்பாலான நிறுவனங்களுக்குக் காலாண்டு அறிக்கைக் கட்டாயம் நீங்கியது. கணக்கர் செலவு மிச்சம் என்பது புரிகிறது. முழு அறிக்கை வேண்டாம், கையிலிருக்கும் ஆர்டர், ரொக்கம், கடன் என்று ஒரு பக்கம் போதும். பணம் திரட்டும்போது உரிமைப் பங்காக, அதாவது இருக்கும் பங்குதாரர்களுக்கு அவரவர் பங்கின் அளவுக்கேற்ப, முதலில் எங்களிடம் கேளுங்கள். அப்புறம் வெளியாரிடம் போகலாம்.

2025-இல் சிங்கப்பூர் நாணய ஆணையம் 500 கோடி வெள்ளித் திட்டத்தை அறிவித்து, நிதி நிர்வாகிகள் வழியாக உள்ளூர்ப் பங்குகளில் முதலீடு செய்ய முன்வந்தது. சிறிய, நடுத்தர நிறுவனங்களும் அதன் கணக்கில் உண்டு. ஆனால் அந்த நிர்வாகிகளும் என்னைப்போல் திரையைத்தான் பார்ப்பார்கள். வாங்க ஆளில்லாத, ஏன் ஏறுகிறது ஏன் இறங்குகிறது என்று தெரியாத பங்கில் அவர்கள் எதற்குக் கை வைக்க வேண்டும்?

ஏப்ரல் கூட்டத்தில் இதே கேள்விகளைக் கேட்பேன். முன்கூட்டியே எழுதியும் அனுப்பிவிடுகிறேன், கூட்டத்துக்கு முன்பே பதில் போட்டால் எல்லாருக்கும் நேரம் மிச்சம்.

இப்படிக்கு,
பின்வரிசைப் பங்குதாரர்,
சிங்கப்பூர்