பேய் இருக்கட்டும், இன்ஜினை மட்டும் பின்னால் மாட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுவர் பக்கத்தில் வரும் மலை பங்களா மர்மத் தொடரை நிறுத்தச் சொல்லி, போன இதழில் ஒரு தகப்பனார் எழுதியிருந்தார். மகள் ராத்திரி தனியாகப் படுக்க மறுக்கிறாளாம். அவர் கவலை நியாயம்தான். ஆனாலும் நிறுத்திவிடாதீர்கள். கோத்தகிரிப் பக்கத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் சனிக்கிழமை சாயங்காலம் என் வீட்டு அடுப்படியில் கூடி அதைப் படிக்கிறார்கள். பயமான இடம் வந்தால் ஒட்டி உட்கார்ந்துகொள்வார்கள், ஆனால் "போதும் டீச்சர்" என்று இதுவரை ஒருத்தர்கூடச் சொன்னதில்லை. இருட்டுவதற்குள் நான்தான் விரட்டி அனுப்புகிறேன். அது பேய்க்காக இல்லை, கரடிக்காக.

என் குறையே அங்கேதான் இருக்கிறது. தொடரில் வரும் வெள்ளைச் சேலைப் பேய்க்கெல்லாம் எங்கள் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். கோயில் கதவைப் பெயர்த்து உள்ளே போய் விளக்கு எண்ணெயைக் குடித்துவிட்டு வரும் கரடியையும், விடிந்து கதவைத் திறந்தால் வாசலில் நிற்கும் காட்டெருமையையும் பார்த்து வளர்கிற பிள்ளைகள். கதை எழுதுகிறவர் ஒரு ராத்திரி இங்கே வந்து படுத்துப் பார்க்கட்டும். கேளையாடு என்கிற மான் நாய் மாதிரி குரைக்கும், போய்ப் பார்த்தால் நாய் இருக்காது. விடியற்காலையில் ஓடைப் பக்கம் பையன் ஒருவன் ராகம் தெரியாமல் சீட்டியடிப்பதுபோல் கேட்கும். அது கருநீல நிறத்தில் ஒரு குருவி. இதையெல்லாம் விட்டுவிட்டு, ஊட்டி பங்களா வாசலில் விழுது தொங்கும் ஆலமரத்தை நட்டிருக்கிறார்! 2,200 மீட்டர் உயரத்துக் குளிரில் ஆலமரமா? ஒரு கற்பூர மரம் (யூகலிப்டஸ்) போதுமே. காற்றடித்தால் அதன் பட்டை உரிந்து சரசரவென்று தொங்குகிற சத்தத்துக்கு நானே பயந்திருக்கிறேன்.

ஊட்டி மலை ரயிலையும் தப்பாக எழுதிவிட்டார். மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே ஏறும்போது இன்ஜின் முன்னால் நின்று இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவே உள்ள பல் கம்பியைப் பல் சக்கரத்தால் பிடித்துக்கொண்டு குன்னூர்வரை அப்படியேதான். ஆகவே இன்ஜின் புகை முதலில் குகைக்குள், அதாவது சுரங்கப் பாதைக்குள், போக வழியே இல்லை. முதலில் போவது பெட்டிதான், அதன் முன்மேடையில் கொடியோடு நிற்கும் பிரேக்ஸ்மேன்தான். மொத்தம் 16 குகைகள். முன்பெட்டியில் இரண்டு சிறுமிகள், எதிரே கறுப்பு வாய், இன்ஜினோ எங்கோ பின்னால். உள்ளபடி எழுதியிருந்தாலே கூடுதலாகக் குளிர் எடுத்திருக்குமே!

சரி, இதெல்லாம் சில்லறைக் குறை. எனக்கு மனசு ஒப்பாதது ஒன்பதாம் அத்தியாயம். மூடுபனியில் தோழியை விட்டுவிட்டு ஓடிப்போன பெண், மறுநாள் "ஸாரி" என்கிறாள். இவள் உடனே கட்டிப்பிடித்துக்கொள்கிறாள். அவ்வளவு சுலபமா?

1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களில் ஒன்று எங்கள் லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில், குடியேறியது. அந்த வீட்டுப் பெண்தான் எனக்குக் கூட்டு. மூடுபனி இறங்கினால் தேயிலைக்கு நடுவே ஒத்தையடிப் பாதையில் முன்னால் போகிறவள் முதுகுகூடத் தெரியாது. மடக்கிய குடையின் கைப்பிடியை அவள் பிடித்துக்கொள்வாள், முனையை நான் பிடித்துக்கொள்வேன். அப்படித்தான் பள்ளிக்கூடம் போவோம். ஒருநாள் குடை திடீரென்று லேசாகிவிட்டது. கைப்பிடி தரையில் இழுபடுகிற சத்தம் மட்டும் கேட்டது. கூப்பிட்டேன், பதில் இல்லை. அழுதேன், அதற்கும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து இரண்டடி தள்ளித் தேயிலைச் செடிக்குள்ளிருந்து அவள் சிரிப்பு கேட்டது. விளையாட்டுத்தான். ஆனால் அவ்வளவு நேரமும் என் அழுகையைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாளே என்பதுதான் எனக்குப் பேயைவிடப் பெரிதாக இருந்தது.

மூன்று நாள் பேசவில்லை. தனித்தனியாக நடந்தோம், பத்தடி இடைவெளியில். நாலாம் நாள் அவள் ஒன்றும் சொல்லாமல் குடையின் கைப்பிடியை என் கையில் திணித்துவிட்டு, முனையைத் தான் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். அதற்கப்புறம் கடைசிவரை அவள் முன்னால் நடக்கவே இல்லை.

அந்த மூன்று நாளைத்தான் எழுத்தாளர் தாண்டிக் குதித்துவிட்டார். தொடர் புத்தகமாக வரும்போதாவது அங்கே இரண்டு பக்கம் சேர்க்கச் சொல்லுங்கள். சேலையைக் குறைத்தால் இடம் கிடைக்கும்.

இன்னொன்று. மழையில் பாதை அடைபட்டு, பதினோராம் அத்தியாயம் வந்த இதழ் எங்கள் கடைக்கு வந்து சேரவில்லை. பூட்டிய அறைக்குள் சீட்டியடித்தது யார் என்று பிள்ளைகள் என்னைப் பிய்த்தெடுக்கிறார்கள். ஒரு பிரதி அனுப்பினால் பணம் கட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கோத்தகிரி