துணி முயல்களும் இலவம்பஞ்சும்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சின்னவளுக்கு வரன் அமைந்ததில் ரொம்ப சந்தோஷம். முழங்கால் வலியோடு மொட்டைமாடி ஏறி வடகம் போட்டாயாமே, உனக்குச் சொல்ல யாருமே இல்லையா?

இங்கே பர்மிங்காமில் குளிர் இன்னும் விடவில்லை. நான் முயல் சேர்க்கிறேன். பழைய துணி முயல்கள்தான். இந்த வயசில் பொம்மையா என்று வீட்டில் இவர் சிரிக்கிறார். எனக்கு முகம் முக்கியமில்லை, துணிதான். உனக்கு ஒன்று தெரியுமா, இந்த பொம்மைகளின் கதையில் துணிதான் முதலில் வந்தது. ஜெர்மனியில் கீங்கென் என்ற ஊரில் மார்கரெட்டே ஸ்டைஃப் என்பவர், கம்பளி முடியை அமுக்கிச் செய்யும் ஃபெல்ட் துணியில் உடுப்புத் தைத்து விற்றவர். 1880இல் ஊசி குத்திவைக்க அதே ஃபெல்ட்டில் ஒரு யானை செய்தார். அதைப் பிள்ளைகள் விளையாட எடுத்துக்கொள்ள, பொம்மைத் தொழிலே பிறந்தது. இங்கே அயர்ன்பிரிட்ஜில் மெர்ரிதாட் கம்பெனி 1930இல் தொடங்கியதும் அப்படித்தான். செயற்கை இழை வந்து அங்கோரா ஆட்டு முடியில் நெய்த மொஹேர் துணி விலைபோகவில்லை, அதைச் செலவழிக்க பொம்மை!

மொஹேர் முயலைத் தடவினால் முடி விறைப்பாக, பளபளப்பாக நிற்கும். ரேயான் முயல் முதலில் அதைவிட மின்னும், நாளானால் துவண்டு படிந்துவிடும். வெல்வெட் மாதிரி இருக்கும் வெல்வெட்டீன் பருத்தி, அதனால் அந்துப்பூச்சி சீண்டாது. மூக்குதான் முதலில் வழுக்கையாகும். ஃபெல்ட்டும் மொஹேரும் அந்துக்கு விருந்து. புதிதாக வாங்கியதைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஃப்ரீசரில் போட்டுவிடுவேன், பட்டாணிப் பாக்கெட் பக்கத்தில். இவருக்கு அதுதான் தாங்கவில்லை.

வயிற்றை அமுக்கினால் கரகரவென்றால் உள்ளே மரச்சுருள். மெத்தென்று, தூக்கினால் எடையே இல்லாவிட்டால்? உங்கள் போடி மெத்தைக்கடையின் அதே இலவம்பஞ்சு! அந்தக் காலத்தில் பெரும்பாலும் ஜாவாவிலிருந்து வந்தது. 1942இல் ஜப்பான்காரன் ஜாவாவைப் பிடித்ததும் வரத்து நின்றது.

அப்படி ஒரு பஞ்சு முயலுக்குக் கழுத்துத் தையல் விட்டிருக்கிறது, உள்ளே பஞ்சு கட்டிதட்டிக் கிடக்கிறது. நம் ஊர் என்றால் வெயிலில் கொட்டி உப்பவைக்கலாம். இங்கே வெயிலுக்கு எங்கே போக? உன் அண்ணனிடம் வழி கேட்டு எழுது. புதுப்பஞ்சு அனுப்புகிறேன் என்று மட்டும் கிளம்பிவிடாதே. தோல் பழசு, குடல் புதுசு என்று விற்பவர்கள் இங்கே நிறைய. எனக்கு அது பிடிக்காது.

கல்யாணத் தேதி குறித்ததும் எழுது, டிக்கெட் போடவேண்டும்.

அன்புடன்,
உன் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி