பொத்தான் தைத்ததற்கு என்ன ஆவணம்?

ஆசிரியருக்கு,

வணக்கம். ஆசிரியர் நாளையொட்டித் தங்கள் இதழில் வந்த பக்கத்தைப் பார்த்தேன். ஏழு படங்கள், ஏழிலும் சால்வை. 32 ஆண்டுகள் தமிழாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். என் பீரோவின் அடித்தட்டில் 11 சால்வைகள் பிரிக்காமலே கிடக்கின்றன. எங்கள் ஊர் வெயிலில் அவற்றை யார் போர்த்துவது? ஒன்றை மட்டும் இஸ்திரி போடும் மேசைக்கு விரித்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு செப்டம்பர் 5 அன்று, நான் கடைசியாகப் பணியாற்றிய நடுநிலைப் பள்ளியில் விழா. ராதாகிருஷ்ணன் 1888இல் பிறந்ததையும், 1962 முதல் அவர் பிறந்தநாளை நாம் கொண்டாடி வருவதையும் மூன்று பேர் மூன்று முறை சொல்லி முடித்தார்கள். பிறகு பழைய மாணவர்கள் ஐந்து பேர் மேடையேறினார்கள். ஒருவன் எலக்ட்ரீஷியன், ஒருத்தி நர்ஸ். கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டு பாடும் குழுவிடம் இரவல் வாங்கிய வில்லைக் குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டி வீசுகோலால் ஒரு தட்டு தட்டினாள் நர்ஸ். வில்லில் கட்டிய மணிகள் குலுங்கியதும், அதுவரை கைப்பேசியில் கவிழ்ந்திருந்த தலைகள் நிமிர்ந்தன.

பாடியது எங்கள் கணக்கு டீச்சரின் கதை. அவர் மேசை இழுப்பறையில் எப்போதும் ஊசியும் வெள்ளை நூலும் இருக்கும். பொத்தான் அறுந்து, சட்டையைக் கையால் பிடித்தபடி வரும் பையனை நிறுத்தி அப்படியே தைத்துவிடுவார். தைத்து முடியும்வரை அவன் வாய்ப்பாடு சொல்ல வேண்டும். "ஏழாம் வாய்ப்பாட்டுக்கு ஒரு பொத்தான்" என்று நர்ஸ் பாட, மற்றவர்கள் "ஆமாம்" போட்டார்கள். குடம் தட்டிக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன் சட்டென்று கையை நிறுத்தி, "வேண்டுமென்றே பிய்த்துக்கொண்டு வந்தவன் நான்தான் டீச்சர்" என்றான். "அது எனக்கு அன்றைக்கே தெரியும்" என்று கீழேயிருந்து பதில் வந்தது. அன்று அந்த டீச்சரின் முகத்தில் பார்த்ததை எந்த விருது விழாவிலும் நான் பார்த்ததில்லை.

நல்லாசிரியர் விருது வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்குச் சான்றுகளைச் சேர்த்து விண்ணப்பிக்க வேண்டும். பொத்தான் தைத்ததற்கு என்ன ஆவணம் இருக்கிறது?

சாமி கதை பாடும் வில்லில் டீச்சர் கதையா என்று அன்று முணுமுணுத்தவர்களும் உண்டு. நாகர்கோவில்காரரான கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் இதே வில்லில் காந்தி கதையைப் பாடியவர்தானே! மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை நாம் இன்றும் அருகிலிருந்து பார்ப்பதுபோல் அறிந்திருப்பதற்குக் காரணம், மாணவர் உ.வே.சா. சொன்ன கதைதான். கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசை கற்கத் தொடங்கிய உ.வே.சா., தம் தமிழாசிரியரான பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை என்று தெரிந்து விட்டுவிட்டார். அதையும் மறைக்காமல் எழுதினார். வாழ்த்துரையில் இதெல்லாம் வராது.

சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்கத் தமிழக அரசு 2022இல் கொண்டுவந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திற்குப் பிறகு, சின்ன வகுப்பு ஆசிரியர்கள் பாட்டும் கதையும் பொம்மலாட்டமுமாகத் தொண்டை கட்டப் பாடுகிறார்கள். அவர்களுக்காக யாராவது ஒரு நாள் பாடக்கூடாதா? அதிலும் ஓய்வுபெறும் நாளில் அல்ல, இன்னும் பத்து வருடம் பணி பாக்கியிருக்கும்போதே. ஒன்று மட்டும்: படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளைப் பாடச் சொல்லாதீர்கள், அது மதிப்பெண்ணுக்கான துதியாகிவிடும். பள்ளியை விட்டுப் போனவர்கள் பாடட்டும்.

அடுத்த ஆண்டு அந்தப் பக்கத்தில் சால்வைப் படங்களைக் குறைத்து, பழைய மாணவர்கள் சொல்லும் இத்தகைய கதைகளுக்கு இடம் தாருங்கள். அன்று பாடிய வரிகளை அந்த நர்ஸ் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். தாங்கள் கேட்டால் பிரதியெடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
கன்னியாகுமரி மாவட்டம்.